என் லேப்டாப்ல ஓடின இமேஜ் சர்வர்ல ஏன் ஓடல?

எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். கமாண்டுகளை வாயால் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்.

கன்டெய்னர் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் முதல்ல சொல்ற வாக்கியம் ஒண்ணு இருக்கு: "ஒரு தடவை பில்ட் பண்ணா எங்க வேணா ஓடும்." நானும் இதே ஷோல சொல்லியிருக்கேன். அந்த வாக்கியம் எந்த இடத்துல உடையுதுங்கிறதுதான் இன்னைக்கு டாபிக். எனக்கு அது எப்படித் தெரிஞ்சதுன்னு முதல்ல சொல்லிடுறேன்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடம். மத்தியானம் மூணு மணி இருக்கும். சிஐ ரன்னர் மாட்டிக்கிச்சு, க்யூ நகரவே இல்ல. டீம்ல புதுசா சேர்ந்திருந்த ஒரு பொண்ணு ஒரு சின்ன ஃபிக்ஸை வெச்சுக்கிட்டு காத்திருந்தாங்க. லாக்ல ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான். நான் சாட்ல எழுதினேன்: "லேப்டாப்லயே பில்ட் பண்ணி புஷ் பண்ணிடுங்க." பண்ணாங்க, ஏற்கெனவே இருந்த 'ஸ்டேபிள்' டேக் மேலயே. ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுத்தோம். எல்லாம் பச்சை. டீ குடிக்கப் போயிட்டோம்.

சாயங்காலம் ஏழரைக்கு டிராஃபிக் ஏறிச்சு. ஆட்டோஸ்கேலர் ரெண்டு புது நோடு கொண்டுவந்துச்சு. அதுல ஏறின ஒவ்வொரு பாடும் கிராஷ்லூப். பழைய நோட்ல இருந்த பாடெல்லாம் ஜம்முனு ஓடுது. ஒரே டேக், ஒரே யாமல் ஃபைல், பாதி உயிரோட, பாதி செத்துப்போய். கால்ல பத்து பேர் சேர்ந்துட்டாங்க. லாக்ல ஒரே ஒரு வரி: 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்'. யாரோ கேட்டாங்க, "கடைசியா புஷ் பண்ணது யாரு?" அந்தப் பொண்ணு மெதுவா சொன்னாங்க, "என் லேப்டாப்ல ஓடிச்சே ப்ரோ."

அவங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அவங்க லேப்டாப் ஆப்பிள் எம்1. எங்க சர்வரெல்லாம் இன்டெல். இந்த ரெண்டு வரியைச் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

கன்டெய்னர் எதை எடுத்துட்டுப் போகாது?

கன்டெய்னர் இமேஜ்னா என்ன? உங்க புரோகிராம், அதுக்குத் தேவையான லைப்ரரி, கான்ஃபிக் ஃபைல், ஒரு குட்டி லினக்ஸோட ஃபைல் சிஸ்டம், எல்லாத்தையும் அடுக்கடுக்கா கட்டி வெச்ச பொட்டலம். ரெண்டு விஷயம் மட்டும் அதுக்குள்ள இல்ல. ஒண்ணு கெர்னல். இன்னொண்ணு சிபியு. ரெண்டையும் எந்த மெஷின்ல ஓடுதோ அந்த மெஷின்தான் கொடுக்குது. விர்ச்சுவல் மெஷினுக்கும் கன்டெய்னருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே சொந்த கெர்னல் இல்லாததுதான். லேசா, வேகமா இருக்கிறதுக்கும் அதுதான் காரணம்.

இப்போ சிபியு பக்கம் வாங்க. கம்பைல் ஆன புரோகிராம்ங்கிறது ஒரு குறிப்பிட்ட ப்ராசஸருக்குப் புரியுற கட்டளைகளோட வரிசை. இன்டெல், ஏஎம்டி சிப்ல ஒரு கட்டளை 1 பைட்லயும் இருக்கலாம், 15 பைட் வரைக்கும் போகலாம். 64-பிட் ஆர்ம் சிப்ல ஒவ்வொரு கட்டளையும் சரியா 4 பைட். 'ஃபங்ஷன் முடிஞ்சது, திரும்பிப் போ'ங்கிற கட்டளை இன்டெல்ல ஒரே பைட், ஆர்ம்ல நாலு பைட். ரெண்டும் தமிழும் மலையாளமும் மாதிரி பாதி புரியுற பாஷைகள் கூட இல்ல. எழுத்தே வேற.

அப்போ தப்பான சிப்ல ஏத்தினா கண்டபடி ஓடி மெஷினைக் கெடுத்துடுமா? கெடுக்காது. லினக்ஸ்ல ஓடுற ஒவ்வொரு பைனரியும் ஈஎல்எஃப்ங்கிற ஒரு ஃபார்மேட்ல இருக்கும். அதோட ஆரம்பத்துல முதல் 18 பைட்டை விட்டுட்டு அடுத்த ரெண்டு பைட்டைப் பார்த்தா, 'நான் எந்தச் சிபியுவுக்கு'ன்னு ஒரு எண் இருக்கும். இன்டெல், ஏஎம்டி 64-பிட்னா 62. ஆர்ம் 64-பிட்னா 183. கெர்னல் அந்த எண்ணைப் பார்க்கும். தன்னோடது இல்லைன்னா அங்கேயே நிறுத்திடும். அந்த மறுப்போட பேர்தான் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்'. எங்க இன்டெல் சர்வர் அன்னைக்கு 183ஐப் பார்த்துட்டு வாசல்லயே நிறுத்தியிருக்கு.

ஒரு எச்சரிக்கை. இதே எரர் வேற ஒரு காரணத்துக்கும் வரும். என்ட்ரிபாயின்ட் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டா இருந்து, அதோட முதல் வரில ஷிபேங் விட்டுப்போயிருந்தாலும் கெர்னல் இதைத்தான் சொல்லும். அதனால ஆர்கிடெக்சர்தான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த முதல் வரியையும் பார்த்துடுங்க.

பேர்லயே பாதி குழப்பம்

இன்டெல் சிப்புக்கான இமேஜுக்கு ஏன் ஏஎம்டி64ன்னு பேர்? எக்ஸ்86 ப்ராசஸரை 64-பிட்டுக்கு நீட்டின டிசைன் முதல்ல ஏஎம்டியோடது. 2003ல ஆப்டெரான் சிப்போட அது மார்க்கெட்டுக்கு வந்துச்சு. 2004ல இன்டெல் அதுக்கு ஒத்துப்போற சிப் கொண்டுவந்துச்சு. பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. அதனால ஏஎம்டி64, எக்ஸ்86-64 ரெண்டும் ஒண்ணு. ஆர்ம்64, ஏஆர்ச்64 ரெண்டும் ஒண்ணு. டெர்மினல்ல 'யூநேம் ஹைஃபன் எம்' அடிச்சா மேக் ஆர்ம்64ன்னு சொல்லும், லினக்ஸ் ஏஆர்ச்64ன்னு சொல்லும். பயப்படாதீங்க, அதேதான்.

இதெல்லாம் பத்து வருஷம் முன்னாடி பெரும்பாலான டெவலப்பர்களுக்குத் தேவையே படல. லேப்டாப்பும் இன்டெல், சர்வரும் இன்டெல். 'எங்க வேணா ஓடும்'ங்கிறதுல அந்த 'எங்க வேணா' எல்லாமே ஒரே சிப் குடும்பமா இருந்துச்சு. 2018 கடைசில அமேசான் தன்னோட சொந்த ஆர்ம் சிப் கிராவிட்டானை கிளவுட்ல விட்டது. 2020 நவம்பர்ல ஆப்பிள் எம்1 வந்துச்சு. அப்புறம் மைக்ரோசாஃப்ட் கோபால்ட்டையும், கூகுள் ஆக்ஸியானையும் அறிவிச்சாங்க. இப்போ ஒரே டீம்ல ஒருத்தர் கிட்ட மேக், இன்னொருத்தர் கிட்ட இன்டெல் லேப்டாப். கிளவுட்ல செலவைக் குறைக்கணும்னு பாதி நோடு ஆர்ம், பாதி இன்டெல். அதனால இது இப்போ எல்லாரோட பிரச்னையும்தான்.

ஒரு டேக், பல இமேஜ்

சரி, அப்போ 'டாக்கர் புல் பைத்தான்'னு அடிச்சா உங்க மேக்லயும் ஓடுது, சர்வர்லயும் ஓடுது. எப்படி?

பான்-இந்தியா படத்தை நினைச்சுக்கோங்க. போஸ்டர்ல ஒரே பேர். சென்னை தியேட்டருக்கு தமிழ் பிரிண்ட் வரும், ஹைதராபாத்துக்கு தெலுங்கு பிரிண்ட் போகும். ரசிகர் படப் பேரைத்தான் கேட்கிறார், எந்த பிரிண்ட்னு கேட்கிறது இல்ல. எந்த ஊருக்கு எதுன்னு டிஸ்ட்ரிபியூட்டர் கிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு.

ரிஜிஸ்ட்ரிலயும் அப்படி ஒரு லிஸ்ட் இருக்கு. டாக்கர்ல மேனிஃபெஸ்ட் லிஸ்ட்னு சொல்வாங்க, ஓசிஐ ஸ்டாண்டர்டுல இமேஜ் இண்டெக்ஸ். உள்ள பார்த்தா ரொம்ப எளிமையான ஒரு ஜேசன் ஃபைல். 'லினக்ஸ், ஏஎம்டி64 வேணுமா, இந்த டைஜஸ்ட்ட எடு. லினக்ஸ், ஆர்ம்64 வேணுமா, அந்த டைஜஸ்ட்ட எடு.' டைஜஸ்ட்னா உள்ளடக்கத்தை வெச்சுக் கணக்கிடுற ஷா256 கைரேகை. நீங்க டேக் பேரைச் சொன்னதும் உங்க மெஷின்ல இருக்கிற டாக்கரோ கன்டெய்னர்டியோ முதல்ல இந்த லிஸ்ட்டை வாங்கி, தன் சிபியுவுக்கு ஏத்த வரியைத் தேடி, அதை மட்டும் இறக்கும். டாக்கரோட அஃபிஷியல் இமேஜ்கள் 2017லயே இப்படி மாறிடுச்சு.

அந்தப் பொண்ணு லேப்டாப்ல 'டாக்கர் பில்ட்' அடிச்சப்போ இந்த லிஸ்ட் எதுவும் உருவாகல. ஒரே ஒரு ஆர்ம் பிரிண்ட். அதை 'ஸ்டேபிள்'ங்கிற போஸ்டர் மேல ஒட்டிட்டோம். லிஸ்ட் இருந்து அதுல உங்க சிப் இல்லைன்னா, புல் பண்றப்பவே 'உங்க பிளாட்ஃபார்முக்குப் பொருந்துறது எதுவும் இல்ல'ன்னு எரர் வந்திருக்கும். லிஸ்ட்டே இல்லாத ஒத்தை இமேஜா இருந்ததால கேள்வி கேட்காம இறக்கி, ஓடவிடுறப்போதான் விழுந்துச்சு.

எந்த டேக்குக்குப் பின்னாடியும் என்ன இருக்குன்னு பார்க்க ஒரு கமாண்ட்: 'டாக்கர் பில்ட்எக்ஸ் இமேஜ்டூல்ஸ் இன்ஸ்பெக்ட்', அப்புறம் இமேஜ் பேர். இதுல 'அன்நோன்/அன்நோன்'னு ஒரு பிளாட்ஃபார்ம் தெரிஞ்சா பதறாதீங்க. அது பில்ட் எங்க, எப்படி நடந்துச்சுன்னு சொல்ற சான்றிதழ். பில்ட்எக்ஸ் 2023ல இருந்து அதை தானாவே சேர்க்குது.

சத்தமில்லாம ஓடுறதுதான் பெரிய ஆபத்து

எரர் வந்து நிக்கிறது நல்லது. குறைஞ்சபட்சம் உங்களுக்குத் தெரியும். தப்பான இமேஜ் அமைதியா ஓடுறதுதான் சிக்கல்.

லினக்ஸ் கெர்னல்ல பின்எஃப்எம்டி மிஸ்க்னு ஒரு வசதி இருக்கு. 'இந்த மாதிரி ஆரம்பிக்கிற பைனரி வந்தா நீ மறுக்காத, இந்த புரோகிராம் கிட்ட கொடுத்துடு'ன்னு கெர்னல் கிட்ட பதிவு பண்ணி வைக்கலாம். அந்த புரோகிராம் பெரும்பாலும் க்யூஎமு. அது ஆர்ம் கட்டளைகளை அப்பப்போ இன்டெல் கட்டளைகளா மொழிபெயர்த்து ஓட்டும். தெலுங்கு பிரிண்ட் ஓடுது, பக்கத்து சீட்ல ஃப்ரெண்ட் ஒவ்வொரு டயலாக்கையும் தமிழ்ல சொல்லிக்கிட்டே வர்றான்னு வெச்சுக்கோங்க. கதை புரியும். ஆனா படம் முடியுறப்போ விடிஞ்சுடும்.

டாக்கர் டெஸ்க்டாப்ல இது இன்ஸ்டால் பண்றப்பவே வந்துடுது. மேக்ல ஆப்பிளோட ரொசெட்டாவையும் பயன்படுத்தலாம், அது க்யூஎமுவை விட நல்ல வேகம். வசதிதான். ஆனா விளைவைப் பாருங்க. நீங்க ஒரு ஏஎம்டி64 இமேஜை மேக்ல ஓட்டி, 'நம்ம சர்வீஸ் ஏன் இவ்வளவு ஸ்லோ'ன்னு ரெண்டு நாள் கோடை நோண்டுவீங்க. கோடுல ஒண்ணும் இருக்காது. அடிச்ச பெஞ்ச்மார்க் எதுக்கும் மதிப்பு இல்ல. 'இமேஜோட பிளாட்ஃபார்மும் ஹோஸ்ட் பிளாட்ஃபார்மும் பொருந்தல'ன்னு டாக்கர் ஒரு வார்னிங் போடும். அந்த மஞ்சள் வரியை நாம எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போறவங்கதானே!

சரியா பில்ட் பண்ண மூணு வழி

முதல் வழி, எமுலேஷன். 'டாக்கர் பில்ட்எக்ஸ் பில்ட்', அதுல பிளாட்ஃபார்ம் ஃப்ளாக்ல லினக்ஸ்/ஏஎம்டி64, லினக்ஸ்/ஆர்ம்64ன்னு ரெண்டையும் கமா போட்டுக் கொடுங்க. டாக்கர்ஃபைல்ல ஒரு வரி மாத்த வேண்டாம். லிஸ்ட்டும் தானா உருவாகும். ஆனா உங்க மெஷினோடது இல்லாத இன்னொரு பாதி க்யூஎமு வழியா ஓடும். சும்மா ஃபைல் காப்பி பண்ற இமேஜ்னா பரவாயில்ல. சி++, ரஸ்ட் மாதிரி கனமா கம்பைல் ஆகுறதுன்னா மதிய சாப்பாடு முடிச்சுட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும்.

ரெண்டாவது, கிராஸ் கம்பைல். கம்பைலரை உங்க மெஷினோட சொந்த வேகத்துல ஓட்டி, வேற சிப்புக்கான பைனரியை வெளிய எடுக்கிறது. கோ லாங்குவேஜ் இதுல ராஜா. கோஆர்ச்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல ஆர்ம்64ன்னு போட்டா முடிஞ்சது, சி லைப்ரரி எதையும் இழுக்காத வரைக்கும். டாக்கர்ஃபைல்ல பில்டர் ஸ்டேஜோட ஃப்ரம் வரில பிளாட்ஃபார்ம் இடத்துல பில்ட்பிளாட்ஃபார்ம்னு ஒரு வேரியபிள் கொடுக்கணும். எந்தச் சிப்புக்கு வேணும்ங்கிறதை டார்கெட்ஆர்ச்ங்கிற வேரியபிள்ல பில்ட்கிட் உங்க கிட்ட கொடுக்கும். அதை அப்படியே கோஆர்ச்சுக்குக் கை மாத்திடுங்க. கடைசி ஸ்டேஜ்ல பைனரியை மட்டும் காப்பி பண்ணுங்க.

மூணாவது, அந்தந்த சிப்லயே பில்ட் பண்றது. சிஐல ஒரு இன்டெல் ரன்னர், ஒரு ஆர்ம் ரன்னர். ரெண்டும் தனித்தனியா பில்ட் பண்ணி புஷ் பண்ணும். கடைசியா 'இமேஜ்டூல்ஸ் கிரியேட்' ரெண்டையும் ஒரே லிஸ்ட்டுக்குள்ள சேர்க்கும். கொஞ்சம் செட்டப் வேலை, ஆனா வேகமும் நம்பகமும் இதுலதான். கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல பப்ளிக் ரெப்போவுக்கு ஆர்ம் ரன்னரை 2025 ஜனவரில இருந்து இலவசமா கொடுக்கிறாங்க. இதை எமுலேஷன்ல பண்ணிக்கிட்டு இருக்கிறவங்க இந்த வாரமே மாத்தலாம்.

"நான் பைத்தான், நோட்தானே எழுதுறேன், எனக்கெதுக்கு?"ன்னு கேட்டா, உங்க கோடு எங்க வேணா ஓடும், சரி. ஆனா நம்பை, பிகிரிப்ட், ஷார்ப் மாதிரி பேக்கேஜுக்குள்ள கம்பைல் ஆன பைனரி இருக்கு. லேப்டாப்ல இருக்கிற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே இமேஜுக்குள்ள காப்பி பண்ணீங்கன்னா, இமேஜ் ஏஎம்டி64, உள்ள ஒரு ஃபைல் மட்டும் ஆர்ம்னு ஒரு விநோத பிராணி பிறக்கும். கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகிடும். அந்த மாட்யூலை லோடு பண்ற நேரத்துலதான் விழும். டாக்கர்இக்னோர் ஃபைல்ல அந்த ஃபோல்டரைப் போட்டுடுங்க. ஜாவாக்காரங்களுக்கு ஜார் ஃபைல் பொதுதான், ஆனா கீழ இருக்கிற ஜேவிஎம் சிப்புக்கு சிப் வேற.

அடிக்கடி விழுற மூணு குழி

ஒண்ணு, மிரர் பண்றது. பப்ளிக் ரிஜிஸ்ட்ரில இருந்து ஒரு இமேஜை 'புல், டேக், புஷ்' பண்ணி கம்பெனி ரிஜிஸ்ட்ரிக்கு மாத்துறோம். வழக்கமான டாக்கர் செட்டப்ல உங்க மெஷினோட சிப்புக்கான பிரிண்ட் மட்டும்தான் போய்ச் சேரும், லிஸ்ட் போகாது. 'ஸ்கோப்பியோ காப்பி' அடிச்சா 'ஆல்'ங்கிற ஃப்ளாக்கைச் சேர்த்துக்கோங்க, இல்ல 'கிரேன் காப்பி' பயன்படுத்துங்க.

ரெண்டு, டைஜஸ்ட்டால பின் பண்றது. பாதுகாப்புக்கு நல்ல பழக்கம்தான். ஆனா லிஸ்ட்டுக்கு ஒரு டைஜஸ்ட், உள்ள இருக்கிற ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் ஒரு டைஜஸ்ட். வெப்சைட்ல ஏஎம்டி64 வரிக்குப் பக்கத்துல இருக்கிறதை காப்பி பண்ணிட்டா, நீங்க எல்லாருக்கும் இன்டெல் பிரிண்ட்டையே கட்டிவிட்டீங்கன்னு அர்த்தம். லிஸ்ட்டோட டைஜஸ்ட்டை எடுங்க.

மூணு, ஒரே குடும்பத்துக்குள்ளயே தலைமுறை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9க்கு எக்ஸ்86-64 வெர்ஷன் 2 லெவல் சிப் வேணும், 10க்கு வெர்ஷன் 3. அதை பேஸா வெச்ச இமேஜை ரொம்பப் பழைய சர்வர்ல ஏத்தினா ஏஎம்டி64தான், ஆனாலும் ஓடாது. ஆர்ம் பக்கம் ராஸ்பெர்ரி பை 5ஓட டீஃபால்ட் கெர்னல் மெமரியை 16 கேபி பக்கங்களா பிரிக்குது. 4 கேபின்னு நம்பி கம்பைல் பண்ண ஜெமாலக் லைப்ரரி அதுல கிளம்பவே மறுக்கும். ஆர்கிடெக்சர் பேர் பொருந்தியாச்சுன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க.

சி எழுதுறவங்களுக்கு ஒரு போனஸ். சும்மா 'கேர்'னு டிக்ளேர் பண்ணா, லினக்ஸ்ல இன்டெல் சிப்ல அது மைனஸ் எண்ணையும் ஏத்துக்கும், ஆர்ம்ல ஏத்துக்காது. கம்பைல் ஆகும், ஓடும், விடை மட்டும் மாறும். அதனால டெஸ்ட்டை ரெண்டு சிப்லயும் ஓட்டுங்க.

அன்னைக்கு ராத்திரி

எப்படிச் சரி பண்ணோம்? பழைய இமேஜுக்கு இப்போ டேக் இல்ல, மேல எழுதியாச்சு. ஆனா உயிரோட இருந்த பழைய பாட்ல 'கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் பாட்' அடிச்சா 'இமேஜ் ஐடி'ல டைஜஸ்ட் இருக்கும். டேக் போனாலும் ரிஜிஸ்ட்ரில அந்த இமேஜ் அழியல. டெப்ளாய்மென்ட்ல டேக்குக்குப் பதிலா அந்த டைஜஸ்ட்டைப் போட்டோம். புது நோடெல்லாம் எழுந்துடுச்சு.

பழைய நோடு ஏன் தப்பிச்சுதுன்னு அப்போதான் புரிஞ்சுது. குபர்னெட்டீஸ்ல 'லேட்டஸ்ட்' தவிர வேற டேக் கொடுத்தா, இமேஜ் ஏற்கெனவே நோட்ல இருந்தா திரும்ப இறக்காது. மத்தியானம் நாங்க பார்த்த பச்சையெல்லாம் பழைய இமேஜ் திரும்ப ஸ்டார்ட் ஆனதுதான். அவங்க ஃபிக்ஸ் லைவ்க்கே போகல. நாலு மணி நேரமா யாரும் கவனிக்கல.

மறுநாள் போஸ்ட்மார்ட்டம் டாக்குமென்ட்டோட முதல் டிராஃப்ட்ல காரணம்ங்கிற இடத்துல 'தவறான ஆர்கிடெக்சர் இமேஜ் டெவலப்பரால் புஷ் செய்யப்பட்டது'ன்னு இருந்துச்சு. நான் என் சாட் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதுக்குக் கீழ ஒட்டினேன். அதுக்கப்புறம் காரணம் மாறுச்சு: லேப்டாப்ல இருந்து புரொடக்ஷன் ரிஜிஸ்ட்ரிக்கு புஷ் பண்ண முடியுது, ஒரு டேக்கை மேல எழுத முடியுது, இமேஜ் எந்தச் சிப்புக்குன்னு எந்த இடத்துலயும் செக் இல்ல. மூணையும் அந்த வாரமே அடைச்சோம். செக் ஸ்கிரிப்ட்டை எழுதினது அந்தப் பொண்ணுதான். லிஸ்ட்ல நம்ம சிப் இல்லைன்னா பைப்லைன் அங்கேயே நிக்கும். பத்து வரிகூட இருக்காது.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்க டீமோட புரொடக்ஷன் இமேஜ் ஒண்ணை எடுத்து 'இமேஜ்டூல்ஸ் இன்ஸ்பெக்ட்' அடிச்சுப் பாருங்க. எந்தெந்தச் சிப் பேர் வருது, உங்க நோடெல்லாம் எந்தச் சிப்னு பொருத்திப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. ராத்திரி ஏழரை மணி கால்ல உட்கார்ந்து தெரிஞ்சுக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.